ஒரு மூச்சு ஜெபம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. தையல் பிசகியிருந்தால் பார்க்கவே வேண்டாம், விரலே சொல்லிவிடும். அப்படிப்பட்டவளுக்கு, அன்று வேலை முடிந்து நடக்கையில் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது தெரியவில்லை. "எஸ்தரு, இன்னாடி ஒத்தச் செருப்போட போற?" என்று பக்கத்து டேபிள் ஷாகிரா கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜி.பி.எஸ். என்றார் டாக்டர் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்). பலவீனம் மேலே ஏறி மூச்சைத் தொட்டால் வென்டிலேட்டர் (மூச்சு விட உதவும் எந்திரம்) வைக்க வேண்டும்.

"மூச்ச நல்லா இழுத்து, ஒரே மூச்சுல எண்ணுங்கம்மா."

எண்ணினேன். ஏழில் நின்றுவிட்டது. டாக்டர் முகம் மாறியது. என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பார்க்க வந்திருந்த ஷாகிராதான் கண்டுபிடித்தாள். "டாக்டர், இவ ஜோடி எண்ணுறா!"

உண்மைதான். ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி என்று கம்பெனிப் பழக்கம் நாக்கில் வந்திருக்கிறது. "ஜோடிய வுடு, பேஜார் பண்ணாத. வெறும் நம்பர் சொல்லு," என்றாள். பதினான்கு வரை போனேன். டாக்டர் சிரித்துவிட்டார். குறைந்தது இருபது வர வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை, ஜோடி சேர்க்காமலே பத்துதான் வந்தது. இம்யூனோகுளோபுலின் (தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து) ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் குறைந்தால் வென்டிலேட்டர் குழாய் போடுவோம் என்றார்கள். எனக்குச் சாவு பயம் வந்தது.

வீட்டு ஜெபக் கூட்டங்களில் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஆரம்பித்தால் வைத்த டீ ஆறிப்போகும். நோயாளிகளிடம் "இன்னும் விசுவாசம் வேணும்" என்று கண்டித்தும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றும் அதே நீளத்தில் தொடங்கினேன்: "சர்வ வல்லமையுள்ள பரலோகப் பிதாவே, மகா பரிசுத்தமுள்ள..." மூச்சு தீர்ந்தது. கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. மறுபடியும் அங்கேயே நின்றது. அழுதேன். துடைக்கக் கை எழவில்லை.

ஷாகிரா சொன்னது நினைவுக்கு வந்தது. ஜோடியை விட்டதுபோல் அதையெல்லாம் விட்டேன்.

"ஆண்டவரே, கூட இருங்க."

மூச்சு போதுமானதாக இருந்தது. கொஞ்சம் மீதியும் இருந்தது.

கால் அசையவில்லை. ஆனால் பயம் இறங்கியது. அவர் கூட இருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த நாளும் பத்து. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. குழாய் தேவைப்படவில்லை. முகம் தெரியாமல் ரத்தம் கொடுத்தவர்கள், டாக்டர், ஷாகிரா, கோணல்மாணலாக எனக்குத் தலை பின்னிவிட்ட வீட்டுக்காரர், இவர்கள் கைகளால்தான் அவர் என்னைத் தூக்கினார்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களே, குணமாக மாதங்கள் ஆகலாம். ஜெபிக்கத் தெம்பில்லையே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இருக்கிற மூச்சு போதும்.

ஏழு மாதம் கழித்து, கைத்தடியோடு ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். கழல்வது தெரிந்தது. போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். எல்லோரும் வெகுநேரத்துக்குத் தயாராகி, சம்மணத்தைச் சரிசெய்து கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, கூட இருந்தீங்க. ஸ்தோத்திரம். ஆமென்."

பதில் ஆமென் வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னா, அவ்ளோதானா?"

அவ்வளவுதான். அன்று டீ ஆறவில்லை. டம்ளரின் சூடு விரல்களுக்குத் தெரிந்தது. கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.