சூளை வாசலில் செத்தவர்கள்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவில், விஸ்வநத்தத்தில் எங்கள் தெருக் கடைசியில் இருந்த சின்னச் சபையில் பத்து நாள் வேதாகமப் பள்ளி நடத்தினார்கள். நாங்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். இருந்தும் அம்மா என்னை அனுப்பினாள். அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. சபையில் மத்தியானச் சாப்பாடும் உண்டு.

அப்பாவுக்கு எந்தச் சாமியிலும் நம்பிக்கை இல்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை அவருக்கு. சாமி காப்பாற்றும் என்றால் மருந்து ரூம் வாசலில் எதற்கு மணல் வாளி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். சரி, பாட்டாவது படித்துவிட்டு வரட்டும் என்று என்னை விட்டுவிட்டார்.

தினமும் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து பாடம் நடத்தியவரை டீச்சரக்கா என்று கூப்பிட்டோம். காலேஜ் முடித்த கையோடு வந்தவர். பாவம், எங்களிடம் மாட்டிக்கொண்டார். எதையும் லேசில் நம்பாத பிள்ளைகள் நாங்கள். கடல் இரண்டாகப் பிளந்தது என்றால், மீனெல்லாம் எந்தப் பக்கம் போச்சு என்று கேட்போம். அக்கா கோபப்படவே மாட்டார். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்வார்.

நாலாம் நாள் அக்கினிச் சூளைக் கதை வந்தது. ராஜாவின் சிலையைக் கும்பிட மறுத்த மூன்று வாலிபர்களைக் கட்டிச் சூளைக்குள் போட்டார்கள். அவர்களுடைய ஒரு முடிகூடக் கருகவில்லை. ஊரே மருந்தோடு புழங்குகிற ஊர், எங்களுக்குத் தெரியாத நெருப்பா? உடுத்தியிருந்தது பருத்தியா பாலிஸ்டரா என்று ஒருத்தன் கேட்டான். நான் அக்கா விரித்துக் காட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூளை வாசலில் நாலைந்து பேர் விழுந்து கிடந்தார்கள். யார் என்று கேட்டதற்கு, வாலிபர்களைத் தூக்கிப் போட வந்த ஆட்கள், அனல் தாங்காமல் செத்துவிட்டார்கள் என்றார் அக்கா.

"அவுகள ஏன் சாமி காப்பாத்தல?" என்று கேட்டேன்.

அவர்கள் கெட்ட ராஜாவின் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள் என்றார்.

"வேலைக்கு வந்த ஆளுகதானக்கா. போட மாட்டேன்னு சொன்னா ராசா விட்ருவானா?"

முந்தின சீசனில் எங்கள் சித்தப்பா, அப்பா வேலை பார்க்கிற கம்பெனியின் மருந்து ரூம் வாசலில்தான் கருகிக் கிடந்தார். அதை நான் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அக்கா படத்தைச் சுருட்டி வைத்தார். அன்றைக்குச் சீக்கிரமே பாட்டுப் பாடி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா கையில் அப்பியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒங்க பிள்ள கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலண்ணே" என்றார் அக்கா. "தெரிஞ்ச மாதிரி நடிக்க மனசு வரல."

அப்பா கேலி பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கதையை முழுசாகச் சொல்லச் சொன்னார். ராஜா கோபத்தில் சூளையை வழக்கத்தைவிட ஏழு மடங்கு சூடாக்கச் சொன்ன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப அந்த ஆளுகளக் கொன்னது ராசாதான். நெருப்பு என்ன செய்யும்? என் தம்பியும் அப்படித்தான் போனான். ஆர்டர் முடியணும்னு ஒருவாட்டிக்குக் கலக்குற அளவப்போல மூணு பங்கு மருந்த ஒண்ணாக் கலக்கச் சொன்னாக."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தும் எடுக்கவில்லை. சாமியே இல்லை என்கிற அப்பா எப்படிச் சாமிக் கதைக்குப் பதில் சொன்னார்? அது வேதத்திலேயே இருக்கிற பதிலா, அப்பாவுடையதா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் பதிலை மனப்பாடம் செய்துகொண்டேன்.

கடைசி நாள் விழா. அப்பாவின் கம்பெனி முதலாளிதான் சிறப்பு விருந்தினர். பிள்ளைகளுக்கு நோட்டு கொடுக்க வந்திருந்தார். சூளைக் கதையைச் சொல்ல என்னை நிறுத்தினார்கள். ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னேன். முடிவில் நானாகச் சேர்த்துக்கொண்டேன்: வாசலில் நின்ற ஆட்களைக் கொன்றது நெருப்பு இல்லை, ஏழு மடங்கு சூடாக்கச் சொன்ன ராஜாதான், எங்கள் சித்தப்பாவும் மருந்தை அளவுக்கு மேல் கலக்கச் சொன்னதால்தான் செத்தார்.

யாரும் கை தட்டவில்லை. முதலாளி சிரித்த முகமாகவே, "இத யாரு பாப்பா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

நான் பெருமையாகத் திரும்பி அப்பாவைத் தேடினேன். பின்வரிசையில் நின்றார். அம்மா அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரக்கா எழுந்துவிட்டார்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். பாடத்துல சேர்த்துச் சொன்னேன். வீட்டுல யாரும் சொல்லல."

சபைப் போதகரான ஐயர் சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி அடுத்த பிள்ளைக்கு நோட்டை நீட்டினார்.

பொய் சொல்லக் கூடாது என்று எங்களைப் பத்துத் தடவை எழுத வைத்தவர் அக்கா. அவரே அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னார். அதுவும் என் அப்பாவின் பதிலைத் தன்னுடையது என்று. விழா முடிந்து அவர் எனக்கான பரிசை, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை, நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாக்ஸோடு சேர்த்துக் கையைக் கூப்பினார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். ஐயர் அவருக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "அவுக பொய் சொன்னாகல்ல, நீங்க ஏம்ப்பா சும்மா இருந்தீக?" என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். மறுநாள் எப்போதும்போல வேலைக்குப் போனார்.

அன்றைக்கு அக்கா கற்றுக்கொடுத்தபடியே முழங்கால் போட்டு, பொய் சொல்கிற டீச்சர் எங்களுக்கு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த கோடையில் வேறு டீச்சர் வந்தார். என் ஜெபம் கேட்கப்பட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.