எரிந்துபோன படத்தின் கதாநாயகி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபத்தில், சனிக்கிழமைகளில் இளம் பிள்ளைகளுக்குப் பழைய படங்களைப் போட்டுக் காட்டி, சினிமாவின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஜப்பான், இத்தாலி, வங்காளம், சிங்களம் என்று பார்த்து வந்தோம். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இங்க தமிழ்ப் படம் ஒண்டும் எடுக்கேல்லையா?”

எடுத்தார்கள். ஆனால் பல படச்சுருள்கள் எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் ஹெந்தளை ஸ்டூடியோவோடு எரிந்துபோயின. காட்ட என் கையில் ஒன்றுமில்லாததால், அப்படி எரிந்த ஒரு படத்தின் கதாநாயகியை வத்தளையில் தேடிப் பிடித்து, வகுப்பில் பேசும்படி போனில் அழைத்தேன்.

அவர் பட்டுச்சேலை உடுத்து, மகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பேச அழைத்தபோது அவர் எழும்பவில்லை.

“பிறகு கதைக்கிறன் தம்பி. முதல்ல படத்தைப் போடுங்கோ.”

“எந்தப் படம் அம்மா?”

“என்ர படம்தான். கிடைச்சிட்டுது எண்டுதானே கூப்பிட்டனீங்கள்? மகள் ஒருக்காலும் பார்க்கேல்லை.”

போனில் நான் அப்படிச் சொல்லவேயில்லை. அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

“அது எரிஞ்சு போச்சுது அம்மா. மிச்சம் ஒண்டும் இல்லை” என்றேன்.

அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் கையைப் பிடித்து, “அதில நான் நல்லா நடிச்சனான் பிள்ளை” என்றார். இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

வகுப்பை இன்றும் நடத்துகிறேன். எங்கள் படங்களைப் பற்றிப் பேசும்போது, அவை இருந்தன என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. பிள்ளைகள் அதை நம்புகிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.