காப்பெற் சுருளுக்குள் நான் வைத்த துவக்கு

அந்தத் துவக்கு என்னுடையது.

என் நண்பன் நவாஸின் கராஜில், காப்பெற் என்ற தரைவிரிப்பின் சுருளுக்குள் அதை ஒளித்து வைத்தவன் நான். கைவிலங்கு அவனுக்குப் பூட்டப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை... இன்றுவரை திறக்கவில்லை!

நீங்கள் இப்போதே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். வாருங்கள், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு வெறுத்தால் எனக்கும் கொஞ்சம் நியாயமாக இருக்கும்.

துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடி வந்த ஒருவன் துவக்குச் சேர்ப்பானா? சேர்த்தேன். ரொறன்ரோவில், வெக்ஸ்போர்டில், என் வீட்டு நிலவறையில் சேர்த்தேன். இயக்கத்தின் துவக்குகளோ ஆமியின் துவக்குகளோ அல்ல. விக்ரோரியா மகாராணியின் சிப்பாய்கள் தோளில் சுமந்த, ஒரு வேட்டு வைத்தால் மறுபடி கையால் குண்டு போட வேண்டிய, கிழட்டுத் துவக்குகள்.

அவற்றை வாங்குவது எவ்வளவு எளிது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியச் சற்று முன்வரை செய்யப்பட்டு, குழல் வாயும் பெரிதாக இருந்தால், இந்த நாட்டில் அது பழம்பொருள். அனுமதிப்பத்திரம் வேண்டாம், பதிவு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஏதாவதொரு மண்டபத்தில் மேசை போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரக் கிழவர்கள் ஒரு கையில் கோப்பியும் மறுகையில் டோனற்றுமாக விலை பேசுவார்கள். தேவாலயப் பூசைக்குப் போகாமல் நான் அங்கே போனேன். வேலைத்தலத்தில் மேலதிக வேலை என்று மனைவி ரெஜினாவிடம் பொய் சொன்னேன். அவள் கண்டுபிடித்த பிறகு அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. வெளியாட்களிடம் சொல்லக்கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் உடன்பாடு. ஊர்ச்சனத்துக்குத் தெரிந்தால் என்ன பெயர் வைப்பார்களோ என்று இருவருக்குமே பயம்.

ஏன் சேர்த்தேன்? தெரியவில்லை. ஒரு துவக்கைப் பார்த்து நடுங்காமல், அதை மடியில் வைத்து எண்ணெய் பூசித் துடைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. பயத்தைக் கட்டிப்போட்டு வளர்க்கிறேன் என்று பெருமைப்பட்டேன். என்ன மடமை!

பிறகு அந்தக் கடைசித் துவக்கு வந்தது.

ஸ்ரௌவ்வில் பக்கம், வீடுகள் எழும்பாத ஒரு பண்ணையில், கணவனை இழந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருத்தி வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். அலமாரிகளுக்கு நடுவே அது சாய்ந்து நின்றது. பிடிக்கட்டையில் இலங்கை என்று அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தது. வெள்ளைக்காரன் எங்கள் தீவில் வைத்திருந்த தொண்டர் படையின் துவக்கு!

குழலின் வாயைப் பார்த்தேன். சட்டைப்பையில் ஒரு தடித்த பேனா எப்போதும் வைத்திருப்பேன். அது குழலுக்குள் போனால் பழம்பொருள், போகாவிட்டால் அனுமதிப்பத்திரம் வேண்டும். இது துவக்குச் சேர்ப்பவர்களான எங்களின் அவசரக் கணக்கு. பேனா போகவில்லை. பழைய உடலுக்குப் பிற்காலத்தில் சின்னக் குழல் பூட்டிய துவக்கு அது. பார்வைக்கு அச்சு அசல் பழையது, சட்டத்துக்குப் புதியது. அனுமதிப்பத்திரம் என்னிடம் இல்லை. ஒரு தமிழன் துவக்குக்கு விண்ணப்பித்தால் என்ன நினைப்பார்கள் என்ற அச்சத்தில் நான் அந்தப் பக்கமே போனதில்லை.

அந்த மூதாட்டிக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே வாங்கினேன்.

அதே வசந்தத்தில்தான் அங்கே, இலங்கையில், யுத்தத்தோடு எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. ரெஜினாவின் அக்கா குடும்பம் வன்னிக்குள்ளே அகப்பட்டிருந்தது. தொலைபேசி இல்லை, செய்தி இல்லை. நாங்கள் வீதியில் கைகோத்து நின்றோம், கத்தினோம், அழுதோம். நெடுஞ்சாலையில் எங்கள் சனம் ஏறி மறித்து நின்ற மறுநாள் வேலைத்தலத்தில் ஒருவனும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஊர்வலத்துக்குப் போனவர்களைப் பொலிஸ் படம் எடுக்கிறதாம், வீடுவீடாக வருகிறதாம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எது மெய், எது பொய் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் மத்தியானம் எங்கள் கதவை இரண்டு பொலிஸ்காரர் தட்டினார்கள். முன்வீட்டில் கார் களவு போயிருந்தது. எதையாவது கண்டீர்களா என்று கேட்டார்கள். அவ்வளவுதான்! இல்லை என்று சொன்னேன். என் காலுக்கு நேர்கீழே, நிலவறையில், அது கிடந்தது.

அவர்கள் போனதும் ரெஜினா சொன்னாள்: "உதைக் கொண்டுபோய் எங்கையெண்டாலும் எறிஞ்சிட்டு வாங்கோ. அங்கை எங்கடை சனம் சாகுது... நீங்கள் இஞ்சை துவக்கைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

எறிந்திருக்கலாம். எறிய மனம் வரவில்லை. இங்கேதான் என் நெஞ்சில் இருந்த அழுக்கு முழுவதும் வெளிவருகிறது. தயவுசெய்து முகத்தைத் திருப்பாதீர்கள்...

நவாஸ் மன்னார்க்காரன். நானும் மன்னார். அவன் முஸ்லிம், நான் வேதக்காரன், கிறிஸ்தவன். தொண்ணூறாம் ஆண்டில், துவக்கோடு வந்த எங்கள் இயக்கப் பெடியள் அவனுடைய சனத்தை வெளியேற்றினார்கள். அவன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனான். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகும் ரொறன்ரோவில் என்னைக் கண்டதும் "மச்சான்" என்று கட்டிப்பிடித்தவன் அவன். வீடுகளுக்குக் காப்பெற் போடுவது அவன் தொழில். கராஜ் நிறையச் சுருள்கள். அவசரத்துக்குச் சாமான் இரவல் எடுக்க வரும் எனக்கு, கராஜ் கதவின் ரகசிய இலக்கத்தையும் சொல்லித் தந்திருந்தான்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நவாஸ் எந்த ஊர்வலத்துக்கும் போகாதவன். அவனுக்கு நாங்கள் செய்ததற்குப் பிறகு, அவன் எப்படிப் போவான்? ஆகவே அவனை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள்... அவனை ஊரைவிட்டுக் கலைத்ததையே எனக்கு மறைப்பாக்கினேன்!

அவன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு மிச்சச் சுருளுக்குள் துவக்கைச் செருகினேன். வியர்வை பட்டால் இரும்பு கறள் பிடிக்கும் என்று பருத்திக் கையுறை போட்டுத்தான் நாங்கள் துவக்கைத் தொடுவோம். அன்றும் போட்டிருந்தேன். கொஞ்ச நாளில் எடுத்துவிடலாம், அவன் அந்தச் சுருளைத் தொடவே மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் தொட்டான். றிச்மண்ட் ஹில்லில் ஒரு வீட்டில் வேலை. உடுப்பு அலமாரிக்குள் போடத் துண்டு போதாமல் போக, அந்த மிச்சச் சுருளை எடுத்துப் போயிருக்கிறான். வீட்டுக்காரியின் கண்முன்னே அதை உதறி விரித்திருக்கிறான். துவக்கு அவளுடைய காலடியில் போய் விழுந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிப் பொலிஸைக் கூப்பிட்டாள். அவள்மேல் என்ன பிழை?

பொலிஸ் நிலையத்திலிருந்து அவன் அழைத்தது தன் மனைவியை. அடுத்தது என்னை. "மச்சான், எனக்காக ஒருக்கா வந்து நிப்பியா?" என்று கேட்டான். பிணைக்கு ஆள் வேண்டுமாம்.

போனேன். அவனுக்குப் பிணை நின்றேன்! இவரை நம்புகிறீரா என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். இவர் நேர்மையானவர் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவன் தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடமே தந்தார்கள். வேதக்காரப் பெடியன் ஒரு முஸ்லிமுக்காக வந்து நின்றானே என்று எங்கள் ஊர்க்காரர் மெச்சினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைத் தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது அவன் மெல்லச் சொன்னான்:

"துவக்கைக் காட்டித்தான் எங்களைக் கலைச்சவங்கள். இப்ப அந்தச் சனியன் என்ர காப்பெற்றுக்குள்ளையே வந்து படுத்திருக்கு."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்தச் சிவப்பு விளக்கில் நின்றபோது சொல்லியிருக்கலாம்! சிறை, வேலை, ரெஜினா, பத்திரிகையில் என் பெயர்... விளக்குப் பச்சையானது. நான் காரை எடுத்தேன்.

கராஜ் இலக்கம் யாருக்கெல்லாம் தெரியும் என்று பொலிஸ் கேட்டபோது, தனக்கும் தம்பி றிஸ்விக்கும் மட்டும் என்று நவாஸ் சொல்லியிருந்தான். என் பெயரைச் சொல்லவில்லை. மறந்தானா, மறைத்தானா? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

றிஸ்வி அப்போதுதான் வந்து, அகதி வழக்கு முடியாமல், அண்ணனோடு தங்கி அவனுக்குக் கூடமாட வேலை செய்தவன். பொலிஸ் அவனையும் உலுக்கி எடுத்தது. பிறகு நவாஸே அவனைச் சந்தேகித்தான். யாருக்காக வைத்தாய் என்று கேட்டு அடித்தான் என்று நவாஸின் மனைவி அழுதழுது சொன்னாள். றிஸ்வி தன் பையோடு மேற்கே எங்கோ போனான். புத்தளத்தில் உம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது இரண்டு பிள்ளைகளும் தனித்தனியே இருந்து அழுதார்கள்.

துவக்கு அங்கே இருந்தது நவாஸுக்குத் தெரியும் என்று காட்ட முடியாமல், வழக்கை விட்டுவிட்டார்கள். துவக்கில் ஒருவருடைய விரல் அடையாளமும் இல்லை. இருக்காது... அதைத் துடைத்தவன் கெட்டிக்காரன்! மிச்சமிருந்த பழந்துவக்குகளை நான் விற்றுவிட்டேன். கதவு தட்டப்பட்டால் இன்றைக்கும் முதலில் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறேன். வந்து நிற்பது பொலிஸாக இருந்தாலும் பயம், நவாஸாக இருந்தால் அதைவிடப் பயம்.

போன மாதம் நவாஸ் வந்தான். இத்தனை ஆண்டுக்குப் பிறகு றிஸ்வி தொலைபேசியில் அழைத்தானாம். தான் செய்யவில்லை என்று இப்போதும் அல்லாஹ்மேல் ஆணையிட்டுச் சொல்கிறானாம்.

"நீ சொல்லு மச்சான். எனக்காக வந்து நிண்டவன் நீ. அவனை நம்பட்டோ?"

துவக்கு யாருடையது என்று தெரிந்த ரெஜினா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றாள்.

"நம்பு," என்றேன். "அவன் செய்திருக்க மாட்டான்."

நவாஸ் என் முகத்தையே பார்த்தான்.

"அப்ப ஆர்?"

"தெரியாது," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தம்பியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றான்.