எழிலரசியும் ஏறாத பேக்கப்பும்

எழிலரசிக்குத் தேவசகாயத்தைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் அவளைக் கண்டால் அப்படித்தான். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். அவர் மேனேஜர், அவள் குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் வந்துபோகும் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். சனிக்கிழமைதோறும் ஸ்கேன் படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கடலூரில் இருக்கும் முதலாளி டாக்டர் ஞானாம்பாளுக்கு அனுப்பிவைப்பது அவள் பொறுப்பு.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிற அந்த வேலை, மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சாயந்திரம் ஆகியும் பாதியைத் தாண்டவில்லை. மினிபஸ்ஸைத் தவறவிட்டு, சேற்றில் நடந்து வீடுபோய்ச் சேர்வது அவளுக்கு வழக்கமாகிப்போனது.

"டிஸ்க்க சொருகிட்டு செல்போன நோண்டிகிட்டு இருந்தா எப்படி ஏறும்?" என்றார் தேவசகாயம், காத்திருந்த நோயாளிகள் காதில் விழும்படி.

அவள் கேபிளை மாற்றினாள். பின்பக்க போர்ட்டில் சொருகினாள். புது டிஸ்க் வாங்க வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரே பெரிய வீடியோவைப் போட்டபோது சரசரவென்று ஏறியது. ஸ்கேன் படங்களைப் போட்டால் ஊர்ந்தது. ஒரு வயிற்று ஸ்கேன் என்றாலே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். அதே படங்களும் அதே டிஸ்க்கும் பில்லிங் கம்ப்யூட்டரில் பழையபடி வேகமாக ஓடின. அப்படியென்றால் கோளாறு தன் கம்ப்யூட்டரில்தான். என்னென்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தாள். பேர் தெரியாத ஒரு புரோகிராம் விடாமல் டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருந்தது.

கடலூரில் சர்வீஸ் பார்க்கும் கதிர்வேலுக்குப் போன் போட்டாள். அவன் இழுத்தான்.

"சார் சொல்லித்தாங்க்கா போட்டேன். நீங்க டிஸ்க்ல ஏத்துற ஒவ்வொரு ஃபைலயும் தொறந்து பாத்து குறிச்சி வெக்கும். அதான் ஸ்லோ. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எழிலரசிக்குக் காது சுட்டது. நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நான் படத்தத் திருடுறன்னு வேவு பாக்குறீங்களா சார்?"

தேவசகாயம் அசரவில்லை. "ஒன் கொழுந்தன் எதிர்த்தெரு ஸ்கேன் சென்டர்லதான வேல பாக்குறான்? எனக்குத் தெரியாதா?"

"அவன் அங்க வண்டி ஓட்டுறான்."

"எதுவா இருந்தா என்ன? நம்புறதுக்கு நான் ஒன்னும் ஏமாளி இல்ல."

"அப்ப நீங்களே காப்பி பண்ணுங்க. நான் தொட மாட்டேன்."

"வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குங்க. எதுக்குன்னு டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன்."

அந்தச் சனிக்கிழமை டிஸ்க் கடலூருக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. டாக்டரே காரில் வந்து இறங்கினார். இருவரையும் நிற்க வைத்து விசாரித்தார்.

"இத்தன மாசமா குறிச்சி வெச்சிருக்கீங்களே, என்ன கெடச்சிது?"

"இதுவர ஒன்னும் இல்ல, டாக்டர்," என்றார் தேவசகாயம். 'இதுவர' என்பதில் அழுத்தம்.

பேக்கப்புக்குப் போகும் படங்களை மட்டும் அந்தப் புரோகிராம் தொடாதபடி செய்யச் சொன்னார் டாக்டர். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. "பாதுகாப்புக்குத்தாம்மா. மனசுல வெச்சிக்காத," என்று எழிலரசியின் தோளைத் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கதிர்வேல் வந்து சரிசெய்தபின் பேக்கப் பழைய வேகத்துக்குத் திரும்பியது. எழிலரசி வேலையை விடவில்லை. சிதம்பரத்தில் வேறு இடம் தேடியும் கிடைக்கவில்லை. தேவசகாயத்திடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

தை மாதம் தேவசகாயத்தின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, "வந்துடு," என்றார். சென்டரில் எல்லோரும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஒரே வேனில் கிளம்பினார்கள். எழிலரசி போகவில்லை. வந்த நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, ஸ்கேன் பார்க்கும் டாக்டர் கல்யாணத்திலிருந்து திரும்பும்வரை உட்காரச் சொன்னாள்.