கொளஞ்சிக்காகப் பேசியவள்

என் வகுப்புத் தோழி இஃப்ஃபத்துக்குப் பயம் கூடப்பிறந்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினால், இறங்கும்வரை டிக்கெட்டைக் கையிலேயே இறுக்கிப் பிடித்திருப்பாள். அப்படிப்பட்டவள் நாடுகளின் வளர்ச்சியையும் வெளிநாட்டு உதவியையும் பற்றி எம்.ஏ. படிக்க வந்தது எங்களுக்கு வேடிக்கை. "ஊரைத் திருத்தப் போறவளப் பாரு" என்று கிண்டல் செய்வோம். நானும்தான் செய்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன வருடம், படிப்பின் ஒரு பகுதியாக, ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்கு மொழிபெயர்க்கப் போனாள். முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உதவி பெறுபவர் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள், பல்கலைக்கழகத் துறைக்கும் கடிதம் போகும். அந்தத் தாளைப் படித்துவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இஃப்ஃபத் போக வேண்டியிருந்தது கொளஞ்சியின் வீட்டுக்கு. கொளஞ்சி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். கணவன் இல்லை. மகள் மேனகாவுக்கு ஐந்து வயது, காது கேட்காது. காதில் கருவி பொருத்தியிருந்தாலும் பயிற்சி கொடுத்தால்தான் குழந்தைக்குப் பேச்சு வரும். அந்தப் பயிற்சிச் செலவை நிறுவனம்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. அதைத் தொடரலாமா என்று முடிவு செய்ய, மார்கிட் என்ற அதிகாரி வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு.

மார்கிட்டோடு உள்ளே நுழைந்த இஃப்ஃபத் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்கு புது நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன், கொளஞ்சியின் கழுத்தில் தங்கச் சங்கிலி, தட்டில் கேக்கும் மிக்சரும். வெள்ளைக்காரம்மா வருகிறார் என்று தெருவே சேர்ந்து தங்கள் சாமான்களால் வீட்டை நிரப்பிவிட்டிருந்தது. விருந்தாளிக்கு வெறும் வீட்டைக் காட்ட யாருக்கு மனசு வரும்? காபி டம்ளரில் 'சுலோசனா' என்று பெயர் வெட்டியிருந்தது. பக்கத்து வீட்டு சுலோசனா, பெருமை தாங்காமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

மார்கிட்டுக்குத் தமிழ் தெரியாது. ஃபேனைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், படிவத்தில் எழுதினார். இஃப்ஃபத் எட்டிப் பார்த்தாள். 'வசதியான வீடு, உதவியை நிறுத்தலாம்' என்றிருந்தது.

எல்லாம் இரவல் என்று அவளாகவே சொல்லிவிடலாமா? சொன்னால் தன் படிப்பு என்னாகுமோ, கொளஞ்சியின் மானம் என்னாகுமோ. சொல்லாவிட்டால் குழந்தை ஊமையாகவே நின்றுவிடும். இதற்குள் மார்கிட், இந்தச் சாமான்களெல்லாம் இவர்களுடையதா என்று கேட்கச் சொன்னார்.

"அக்கா, இதெல்லாம் உங்களுதான்னு கேக்கறாங்க. யோசிச்சு சொல்லுங்க."

கொளஞ்சி ஒரு நொடி வாசலைப் பார்த்தாள். "எங்களுதுதான் பாப்பா. வேற யாரோடது?"

இஃப்ஃபத் மார்கிட் பக்கம் திரும்பினாள். "இல்லை, எல்லாம் இரவல் வாங்கியது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சாமான் இரவல் என்பது நிஜம். கொளஞ்சி சொன்னாள் என்பது பொய்.

மார்கிட்டுக்கு முகம் இளகிவிட்டது. எழுதியதை அடித்தார். நல்ல மனசுக்காரர்தான்; அந்த நல்ல மனசோடு சும்மா இருந்திருக்கலாம். எழுந்துபோய்க் கொளஞ்சியின் சங்கிலியைத் தொட்டு, ஃபேனைக் காட்டி, "நோ?" என்று பரிவோடு தலையாட்டினார். அது தெருவுக்கே புரிந்தது. சுலோசனா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். கொளஞ்சி இஃப்ஃபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் போன் அடித்தாலே இஃப்ஃபத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. எந்த நிமிஷமும் குட்டு உடையும் என்று காத்திருந்தாள். ஆனால் வந்தது நல்ல சேதி. மேனகாவுக்கு இன்னும் இரண்டு வருடம் பயிற்சி உண்டு. ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்க அவளையே அனுப்பினார்கள். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கொளஞ்சி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

"பொண்ணு பேசணும்னு போட்டேன் பாப்பா. ஆனா நீ இனிமே எனக்காகப் பேசாத."

ஆபீஸுக்குத் திரும்பியதும், இன்னும் ஊர் திரும்பாதிருந்த மார்கிட் ஆவலாக ஓடிவந்தார். கொளஞ்சி என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நன்றி சொன்னார்" என்றாள் இஃப்ஃபத். அவள் கை வேர்வையில் அந்தத் தாள் நனைந்திருந்தது. பக்கத்தில் நின்றிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.