பாறை திருப்பித் தந்த சத்தம்

மூன்று வருடத்துக்கு முன், பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு, அம்மா இறந்த பிறகு பூட்டிக் கிடந்த லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். கையில் ஒரு துணிப்பையும் ஒரு பழைய சாக்ஸபோனும்தான். நான் மேசை, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் வாசிக்க வந்த ஒருவர், புதிது வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நான் எதையும் முழுசாக முடித்தவன் இல்லை. இதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லித்தர ஆளில்லை, போனில் வீடியோ பார்த்துத்தான். ஊதுகிற முனையில் மெல்லிய நாணல் தட்டை ஒன்று இருக்கும். அதைக் கீழுதட்டால் சரியாகத் தாங்கினால்தான் சத்தம் வரும். எனக்கு உதட்டின் உள்பக்கம் பல் வெட்டி இரத்தம்தான் வந்தது. அப்புறம் சத்தம் வந்தபோது அது வெறும் அலறலாக இருந்தது.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், நடுச்சுவர்கள் கூரை வரை போகவில்லை. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். எல்லாரும் ஏசினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரித்தார். கொழுந்து பறிக்கிறவர், ஐம்பது வயது இருக்கும், தனி ஆள்.

"என்ன தம்பி, உள்ள கழுதை கட்டி வச்சிருக்கீங்களா? இந்தக் கத்து கத்துது, புல்லு கில்லு போட்டீங்களா?"

"இப்பதான்க்கா பழகுறேன்."

"அப்ப மேல பாறைகிட்ட கொண்டுபோய் மேய விடுங்க. அங்க ஏச ஆளில்ல."

அவர் சொன்ன இடத்துக்கே போனேன். தேயிலைக்கு மேலே முன்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும் பெரிய பாறை. குளிரில் சாக்ஸபோனின் பித்தளை ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கி ஊதுவேன். பாறை அந்தச் சத்தத்தை வாங்கி, கொஞ்சம் கனமாக்கி, திருப்பித் தந்தது. வேறு யாரோ நன்றாக வாசிப்பவர் எதிரே நின்று வாசிப்பது போல இருக்கும். தினமும் போனேன்.

மூன்றாவது வாரம் தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். பாறையின் விளிம்புக்குக் கீழே குளவிக்கூடு, சோற்றுப்பானை அளவு. தலைக்கு மேலே இத்தனை நாள் இருந்தும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பத்தடி தள்ளி நின்று ஊதினேன்.

அன்றைக்குத்தான் எட்டுச் சுரமும் ஏறி இறங்கி, ஒன்றும் உடையாமல் வந்தன. முதல் தடவை. பாறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வரும்போது வழியில், கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்க்கும் கங்காணி நின்றார்.

"நாளன்னைக்கு இந்த மலையில கொழுந்து. நீதானே தினமும் போற, பாறைப் பக்கம் குளவி ஏதும் இருக்காப்பா?"

இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே ஆளை விடமாட்டார்கள். கூட்டை அழிக்க வருகிறவர்கள் என்னையும் விரட்டுவார்கள். அந்தப் பாறை இல்லாவிட்டால் எனக்குப் பழைய அலறல்தான். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் நினைத்தேன்.

"ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

மறுநாள் முழுக்க நேரம் இருந்தது. போய்ச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும், வாசலில் உட்கார்ந்து சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே பெண்கள் கத்துவது கேட்டது. என்னவென்று எனக்கு மட்டும் உடனே தெரிந்தது. கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தேயிலைக் குச்சியில் மாட்டி விழுந்து கிடந்தார். முகம் கறுப்பாகத் தெரிந்தது. அவ்வளவும் குளவி. கம்பளியால் மூடித் தூக்கி வந்தேன். எனக்குக் கையில் நாலைந்து கொட்டு. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வார்டுக்கு வெளியே கங்காணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கழுகு வந்து கூட்டைத் தட்டியிருக்கும். நீ பார்த்தப்ப இல்லையில்ல? புதுசா கட்டியிருக்கும் போல."

நான் தலையாட்டினேன். முதல் பொய்யை விட அது சுலபமாக இருந்தது.

பதினோரு நாள் கழித்து அக்கா வந்தார். இடது கண் போய்விட்டது. மலைக்கு ஏறவே பயந்தார், வேலையும் நின்றது. லயத்துக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்" என்பார். நான் உள்ளே போய்விடுவேன். ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்ன தம்பி, கழுதை சத்தத்தையே காணோம்? செத்துப் போச்சா?"

எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று கதவு வரை போனேன். கொண்டியில் கையை வைத்தபடி நின்றேன். பிறகு, "உடம்பு சரியில்லக்கா" என்று சொன்னேன். "அப்ப கொத்தமல்லி போட்டுத் தாரேன், இருங்க" என்று, பார்வை மிஞ்சிய ஒரு கண்ணோடு தடவித் தடவி அடுப்பு மூட்டினார். அந்தச் சத்தமெல்லாம் கேட்டது. கொண்டுவந்து தந்தார். குடித்தேன்.

அந்த மாதமே அங்கிருந்து கிளம்பிவிட்டேன். இப்போது ராகலையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறேன். அக்கா சில நேரம் போன் எடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்பார். நான் செய்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் சொல்வது உங்களிடம்தான், அதுவும் பெயர் போடாமல். சாக்ஸபோன் பையில் இருக்கிறது, விற்கவும் இல்லை. விரல்களுக்கு அந்த எட்டுச் சுரமும் இன்னும் மறக்கவில்லை, ஆனால் எடுத்து வாயில் வைத்தால் அன்று கங்காணியிடம் சொன்ன "ஒண்ணும் இல்லங்க"தான் முதலில் காதில் கேட்கிறது. அதற்கு மேல் ஊத மூச்சு வருவதில்லை.