கவிஞர் விழாவும் ஏழாம் ரூமின் பின்வாசலும்

“…அம்புட்டும் சரிதான் அண்ணாச்சி. கவிஞரு அச்சமில்லைன்னு பாடியிருக்காரு, நீங்களும் நல்லாத்தான் சொன்னீக. ஆனா ஏழாம் ரூமோட பின்வாசல மறிச்சுச் சரக்குப் பெட்டி அடுக்கி வச்சிருக்கே, அங்கன உக்காந்து வேல பாக்குற பொம்பளப் பிள்ளைக எப்படிப் பயப்படாம இருக்கும்?”

என் கையிலிருந்து மைக்கை வாங்கி இப்படிக் கேட்டது முதலாளியின் மனைவி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு புரட்டாசி, தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் முற்றத்தில் பந்தல் போட்டுக் கவிஞர் விழா நடந்துகொண்டிருந்தது. முதலாளிக்குக் கவிஞர் என்றால் உயிர். அவர் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே கவிஞர் படமும் மாலையோடு இருக்கும். என்னைப் பேச அழைத்ததும் அவர்தான். நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் தேதித்தாளின் அடியில் அச்சான வரிகளில் படித்தது அதிகம். கவிஞரும் எனக்கு அப்படித்தான் அறிமுகமானார். ‘கவிஞர் இன்றைக்கும் தேவையா?’ என்பது அன்றைய தலைப்பு. தேவைதான் என்று சொல்லக் கம்ப்யூட்டரையும் செல்போனையும் விமானம் ஓட்டுகிற பெண்களையும் சாட்சிக்கு இழுத்து வந்து, நன்றாகக் கைதட்டலும் வாங்கியிருந்தேன். அடுத்து நன்றியுரை. அதற்கு எழுந்த அந்தம்மா நன்றியே சொல்லவில்லை.

பட்டாசு அறைக்கு எதிரெதிராக வாசல் வைப்பதே, ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓடத்தான். அன்று காலையில் பூந்திப் பொட்டலம் கொடுக்க அந்தம்மா அறை அறையாகப் போயிருக்கிறார். ஏழாம் ரூமில் ஒரு பெண் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிரித்தாளாம்: “முன்வாசல் எங்களுக்கு, பின்வாசல் பெட்டிக்கு. பெட்டிக்கு உசுரு மேல ஆச சாஸ்தி யம்மா.” அதையும் மைக்கிலேயே சொன்னார். “இவுககிட்ட அப்பவே சொன்னேன். லோடு ஏறுற வரைக்கும் பொறுன்னாக. தீ பொறுக்குமா அண்ணாச்சி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். விழா முடிந்ததும் அந்தப் பெண்கள் அதே ரூமுக்குத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

முதலாளி முன்வரிசையில் இருந்தார். முதலில் சிரித்துக்கொண்டு, “வீட்டுல பேசுனது பத்தல போல” என்று பக்கத்தில் இருந்த வியாபாரியிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்தது. “ஏலே, மைக்க அமத்துலே” என்றார். மைக் அடங்கிப் போனது. சொந்தக்காரர்கள், ஆர்டர் கொடுக்கிற வியாபாரிகள், வேலைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, புருஷனைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு அன்று ராத்திரி அந்தம்மா எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவார் என்றுதான் எனக்குள் ஓடியது.

இன்றைக்கும் மேடைக்கு மேடை அதே தலைப்பைத் தருகிறார்கள். நானும் பேசுகிறேன், ஆனால் கம்ப்யூட்டரையும் விமானத்தையும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. கவிஞர் சொன்ன தைரியம் சண்டைக்குப் போகிறவர்களுக்கும் சிறைக்குப் போகிறவர்களுக்கும் உரியது என்றே நினைத்து வளர்ந்தவன் நான். படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே அந்தப் பாட்டு எழுந்து நின்று கேள்வி கேட்கும் என்று கனவிலும் எண்ணியதில்லை. அந்தம்மாவுக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலாளி பக்கம் ஒருதரம்கூடத் திரும்பாமலே பேசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்று அடங்கிப்போன மைக்கை மேசையில் வைத்துவிட்டு, அந்தம்மா கையிலிருந்த தங்க வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல்: “யம்மா, புருசன் இருக்கையில என்ன காரியம் பண்றீக!” முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உலோகம் உரசினால் பொறி பறக்கும் என்று, சரக்கு இருக்கிற இடத்துக்குப் போகும் பெண்கள் வளையலையும் கொண்டை ஊசியையும் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“உள்ள போகணும்ல” என்று மட்டும் சொன்னார். மேடையோரம் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து ஏழாம் ரூமின் பின்பக்கம் போனார். முதல் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து, தரையில் உரசாமல் தூக்கினார்.